சுவரை முட்டிய தரை

அந்தத் தெருவில் அவனை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பால் போடுகிறவர், துணி தேய்க்கிறவர், எதிர்வீட்டுப் பல் டாக்டர், எல்லோருக்கும் அவன் டிரைவர் வீட்டு மாப்பிள்ளை. டிரைவர் என்பது அவனுடைய மாமனார். நெடுந்தூர பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். பஸ்ஸை விட்டு இறங்கியபோது ஸ்டியரிங்கை மட்டும் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார் என்று அவருடைய மகளே சொல்லிச் சிரிப்பாள். ஃபேன் எந்த வேகத்தில் சுற்ற வேண்டும், டி.வி.யில் எது ஓட வேண்டும், வாசல் கதவை எப்போது தாழ் போட வேண்டும் என்பதெல்லாம் அவர் சொன்னபடிதான்.

மாமியார் தவறியபோது, "அப்பா தனியா இருக்கார், ஒரு ஆறு மாசம் கூட இருந்துட்டுப் போயிடலாங்க" என்று மனைவி சொல்லி வந்தவர்கள் அவர்கள். ஆறு மாதம் ஆறு வருஷத்தைத் தாண்டிவிட்டது. இடையில் யாரும் அவனை இரு என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை. அந்த வீட்டில் அவன் அதிகம் உச்சரித்த வார்த்தை "சரி மாமா" என்பதாகத்தான் இருக்கும்.

அவனுக்கு வேலை ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையின் பின்னறையில். லென்ஸை ஃபிரேமின் அளவுக்குத் தேய்த்துப் பொருத்துவது. கொஞ்சம் அதிகம் தேய்த்துவிட்டால் லென்ஸ் ஆடும். குறைவாகத் தேய்த்துவிட்டு அழுத்திப் போட்டால் அன்றைக்கு நன்றாகத்தான் இருக்கும், பத்து நாளில் விளிம்பில் விரிசல் விடும். கடை முதலாளிக்கு அவன் கைமேல் அப்படி ஒரு நம்பிக்கை. வெளியூரில் ஒரு கிளை திறக்கப் போகிறேன், நீ போய்ப் பார்த்துக்கொள்கிறாயா என்று கேட்டார். அவன் யோசித்துச் சொல்கிறேன் என்றான். நாலைந்து நாள் யோசித்தான். மனைவியிடம் சொல்லலாம் என்று ஒவ்வொரு நாளும் வாய் வரை வந்தது. அவள் முகம் வாடுமே, அப்பாவை விட்டுவிட்டு எப்படி என்பாளே என்று தானே கேள்வியும் கேட்டுத் தானே பதிலும் சொல்லிக்கொண்டு, கடைசியில் முதலாளியிடம் போய், "வீட்டுல பெரியவர் தனியா இருக்கார் சார், முடியாது" என்று சொல்லிவிட்டான். வீட்டில் மூச்சுவிடவில்லை.

அந்தச் சமயத்தில்தான் மனைவி மாடி அறைப் பேச்சை எடுத்தாள். மாடியில் ஒரே ஓர் அறை, பழைய சாமான் போட்டுவைத்த அறை. சிமெண்ட் தரை பாளம் பாளமாக வெடித்திருந்தது.

"அதைச் சரி பண்ணி நம்ம ரூமா ஆக்கிக்கலாங்க. கீழ அப்பா இருக்கட்டும், மேல நாம."

"டைல்ஸ் போட்டா ஒரே நாள்ல முடிஞ்சிடும்" என்றார் மாமனார்.

"மரத்தரை போடலாம்னு இருக்கேன் மாமா" என்றான் அவன். எங்கிருந்து அந்தத் தைரியம் வந்தது என்று அவனுக்கே தெரியவில்லை. "ஆள் வேண்டாம். நானே போட்டுடறேன்."

ஒரு வேலைக்கு வாய்விட்டு முடியாது என்று சொல்லிவிட்டு வந்தவனுக்கு, கையால் ஏதாவது ஒன்றைச் செய்து முடிக்க வேண்டும் போல இருந்தது. மரக்கடைக்காரரிடம் விசாரித்தான். போனில் வீடியோ வீடியோவாகப் பார்த்தான். சாமான்களை இறக்கி, வெடித்த இடத்தைப் பூசி, ஈரம் ஏறாமலிருக்க பிளாஸ்டிக் விரிப்பு விரித்து, அதன்மேல் பிளைவுட் அடித்தான். பிறகு கெட்டி மரப் பலகைகள் கட்டுக் கட்டாக வந்து இறங்கின. ஒவ்வொரு பலகைக்கும் ஒரு பக்கம் நாக்கு, மறுபக்கம் பள்ளம். ஒன்றின் நாக்கை அடுத்ததன் பள்ளத்தில் செருகித் தட்ட வேண்டும்.

பலகைகளைப் பிரித்து அந்த அறையிலேயே ஒரு வாரம் போட்டுவைக்கச் சொல்லியிருந்தார் கடைக்காரர். அறையின் காற்று மரத்துக்குப் பழக வேண்டுமாம். மாமனார் இரண்டாம் நாளே மாடியேறி வந்துவிட்டார்.

"மரத்துக்கு என்ன ரெஸ்ட் வேண்டிக் கிடக்கு? ஆரம்பிங்க மாப்பிள்ளை."

"சரி மாமா."

ஜன்னல் பக்கச் சுவரிலிருந்து ஆரம்பித்தான். சுவருக்கும் பலகைக்கும் நடுவே ஒரு விரல் இடம் விட்டு, அந்த இடம் அடைபடாமல் இருக்கச் சின்னச் சின்ன மரத்துண்டுகளைச் செருகியிருந்தான். மாமனார் குனிந்து பார்த்தார்.

"இது என்ன சந்து?"

"மழைக்காலத்துல மரம் ஊதும் மாமா. ஊதறதுக்கு இடம் வேணும். மேல ஓரப் பட்டை அடிச்சா வெளிய தெரியாது."

"இந்த வீட்ல கட்டில் இருக்கு, பீரோ இருக்கு, கதவு இருக்கு. எது ஊதிச்சு? கரப்பான் பூச்சி குடித்தனம் பண்ண நீங்களே இடம் விடறீங்களே. ஒட்டிப் போடுங்க."

லென்ஸை அழுத்திப் போட்டால் என்ன ஆகும் என்று தெரிந்தவன். ஆனாலும் மரத்துண்டுகளை ஒவ்வொன்றாக உருவி எடுத்தான். பலகையைச் சுவரோடு சுவராக நகர்த்தினான்.

வேலை என்னவோ அழகாகத்தான் வந்தது. கடையிலிருந்து வந்ததும் மாடியேறுவான். நாக்கின் மேல் சாய்வாக ஆணி வைத்து அடித்து, அடுத்த பலகையைச் செருகி, மேலே ஒரு கட்டையை வைத்துத் தட்டுவான். இரண்டும் கவ்விக்கொள்ளும்போது டொக் என்று ஒரு சத்தம் வரும். முதல் சில நாள் அந்தச் சத்தம் காதுக்கு இனித்தது. பாதி அறை முடிந்தபோது அதைக் கேட்டாலே கசந்தது. இவ்வளவு பாடுபட்டு ஒரு வீட்டில் தரை போடுகிறவன் அந்த வீட்டை விட்டு எங்கே போகப் போகிறான்? முழங்கால் வலிக்க மண்டியிட்டுத் தானே தன்னை அந்த வீட்டில் வைத்து அடித்துக்கொண்டிருக்கிறோம் என்று தோன்றியது. கதவை நோக்கி ஒவ்வொரு வரிசையாக நகர்ந்தான். கடைசி வரிசைக்கு இடம் போதாமல், பலகையை நீளவாக்கில் அறுத்து நெம்பி உள்ளே தள்ள வேண்டியிருந்தது. மூச்சு விட இடமில்லாமல் சுவருக்குச் சுவர் தரை நிறைந்தது. கதவின் அடிப்பக்கத்தை இழைத்து, தரைக்கு மேல் உரசாமல் திறக்கும்படி மாட்டினான்.

மனைவி செருப்பைக் கழற்றிவிட்டு அறை முழுக்க நடந்து பார்த்தாள். அவளுக்கு ஒரு ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. நாள் பூராவும் நின்று நின்று பாதம் எரியும் அவளுக்கு. "கால்ல எவ்வளவு இதமா இருக்கு" என்றாள். "இனிமே நமக்கு இங்கதான் எல்லாம்." அவன் சிரித்தான். பிறகு போய் ஜன்னலைத் திறந்துவிட்டான்.

"ஆயுதத்தையெல்லாம் கீழ கொண்டுபோய் வச்சிடுங்க மாப்பிள்ளை, ரூம் பார்க்க லட்சணமா இருக்கட்டும்" என்றார் மாமனார். அவன் ரம்பம், உளி, சுத்தியல், மிச்சப் பலகைகள் எல்லாவற்றையும் மாடிப்படிக்கு அடியில் அடுக்கினான். ஓரப் பட்டைகளை அடித்ததோடு சரி. கட்டிலை ஏற்றுவதற்குள் மழை பிடித்துக்கொண்டது.

சாதாரண மழை இல்லை. துவைத்த துணி காயாமல் நாற்றமெடுத்தது. உப்பு டப்பாவில் உப்பு கட்டிதட்டியது. மாடித் தரையில் பலகைகளின் விளிம்பு லேசாக மேலே தூக்கியிருப்பதை அவன் பார்த்தான். மறுநாள் இன்னும் தூக்கியது. கதவுக்கு உள்பக்கம் ஒரு சாண் தூரத்தில் இரண்டு பலகைகள் சேருமிடம் மேடு தட்டியது. திறக்கும்போது கதவு அதில் உரசிக் கிறீச்சிட்டது. அவன் யாரிடமும் சொல்லவில்லை. மழை விட்டால் வற்றிவிடும் என்று மனதைத் தேற்றிக்கொண்டான்.

சனிக்கிழமை கடைக்குள் தண்ணீர் புகுந்துவிட்டதால் அவனுக்கு லீவு. மனைவி வேலைக்குப் போயிருந்தாள். மத்தியானச் சாப்பாடு முடிந்து அவன் மாடிக்குப் போய்க் கதவைத் தள்ள, அந்தக் கிறீச் சத்தம் கீழே கேட்டது. மாமனார் பின்னாலேயே ஏறி வந்தார். மூச்சு வாங்கிக்கொண்டே, "ஒரு சின்ன மேடு. இதுக்கா முகத்தைத் தொங்கப் போட்டுட்டிருக்கீங்க? நான் மேல ஏறி நிக்கறேன். நீங்க கதவை நல்லா அழுத்திச் சாத்துங்க. அமுங்கிடும்" என்றார்.

"வேண்டாம் மாமா."

"சாத்துங்க மாப்பிள்ளை."

"சரி மாமா."

அவர் மேட்டின் ஒரு ஓரத்தில் ஏறி நின்றார். அவன் தோளைக் கொடுத்துத் தள்ளினான். கதவு மேட்டை உரசிக்கொண்டு தாண்டிப்போய் நிலையில் பொருந்தியது. அவர் வெற்றியோடு இறங்கிய அடுத்த நொடி, வெடி வெடித்தது போல ஒரு சத்தம். நாக்கு முறிந்து, இரண்டு பலகைகளும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி, கூடாரம் போல நிமிர்ந்து நின்றன. கதவு உள்பக்கம் திறக்கும் கதவு. அவன் பிடியைப் பிடித்து இழுத்தான். நாலு விரல் அளவு வந்து, நிமிர்ந்த பலகையில் இடித்து நின்றது.

இருவரும் ஏறி மிதித்தார்கள். ஒரு நூல்கூட இறங்கவில்லை. கீலைக் கழற்றலாம் என்றால், பெயிண்ட் மேல் பெயிண்ட் அடித்துக் கீல் கல்லாகியிருந்தது. அந்தக் காலத்துக் கனத்த கதவு. அறையில் இருந்ததெல்லாம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, அவன் கொண்டுவந்த தண்ணீர் பாட்டில் ஒன்று. அவன் போன் கீழே சார்ஜில் கிடந்தது. மாமனாருக்குப் போனைக் கையில் வைத்துக்கொள்ளும் வழக்கமே இல்லை. ஜன்னலுக்குக் கம்பி. ஜன்னலுக்கு வெளியே வீட்டின் பின்பக்கம், ஒரு மதில், அதற்கப்பால் பூட்டிக் கிடந்த ஒரு கிடங்கு. இரண்டு பேரும் மாறி மாறிக் கூப்பிட்டுப் பார்த்தார்கள். மழைச் சத்தத்தில் அவர்கள் குரல் அவர்களுக்கே எட்டவில்லை.

"அவ வந்துடுவா" என்றான் அவன்.

"எப்ப?"

"சாயங்காலம்."

மாமனார் நாற்காலியில் உட்கார்ந்தார். எழுந்தார். கதவிடுக்கில் மூக்கை வைத்து நின்றார். திரும்பி வந்து உட்கார்ந்தார். நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது. அவன் பயந்துவிட்டான்.

"என்ன மாமா பண்ணுது?"

"ஒண்ணுமில்ல. எனக்கு அடைச்ச இடம் ஆகாது." நெற்றியைக் கையால் துடைத்தார். "பஸ்ல கூட டிரைவர் சீட்டுன்னாதான். பக்கத்துலயே கதவு இருக்கும். உள்ள உக்காந்து ஒரு தடவகூடப் போனதில்ல. என் பொண்ணுக்கும் இது தெரியாது."

அவன் நாற்காலியை ஜன்னலை ஒட்டிப் போட்டு அவரை உட்காரவைத்தான். சாரல் முகத்தில் அடிக்கட்டும் என்று விட்டான். அவருக்குச் சர்க்கரை உண்டு. நேரம் போகப் போக வேறொரு அவஸ்தை. கேட்க வெட்கப்பட்டுக்கொண்டு நெளிந்தார். அவன் பாட்டிலில் மிச்சமிருந்த தண்ணீரை ஜன்னல் வழியாகக் கொட்டிவிட்டு அவர் கையில் கொடுத்து, கதவுப் பக்கம் திரும்பி நின்றுகொண்டான். ஆறு வருஷத்தில் அவர் அவனிடம் முதன்முறையாகத் தாழ்ந்த குரலில், "மன்னிச்சிக்குங்க மாப்பிள்ளை" என்றார்.

ஆனால் அந்த வேதனை தீர்ந்ததும் பழைய டிரைவர் திரும்பிவிட்டார். தரையைப் பார்த்தார். உச்சுக்கொட்டினார்.

"நீங்க இதை ஒழுங்காப் போட்டிருந்தா இப்படி ஆகுமா?"

அவன் சட்டென்று திரும்பினான்.

"நான் ஒழுங்காத்தான் போட்டேன். இடம் விட்டேன். நீங்கதான் எடுக்கச் சொன்னீங்க."

"நான் சொன்னா? நான் பஸ் ஓட்டினவன். எனக்கு மரத்தைப் பத்தி என்ன தெரியும்? போட்டது நீங்க. முடியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் என்ன அடிச்சிருப்பேனா?"

"எப்படி மாமா சொல்றது? உங்க வீடு. உங்க ஃபேன், உங்க டி.வி., உங்க கதவு. ஆறு வருஷமா லாட்ஜுல தங்கின மாதிரி இருக்கேன். உங்களுக்காக நான் எதை விட்டேன்னு தெரியுமா? முதலாளி வெளியூர்க் கடையை என் கையில குடுக்கறேன்னார். முழுக் கடை. நீங்க தனியா இருப்பீங்களேன்னு வேண்டாம்னு சொல்லிட்டு வந்தேன்."

மாமனார் அவனை ஏற இறங்கப் பார்த்தார். கோபமாக இருந்தார் என்று சொல்ல முடியாது. திகைத்துப்போயிருந்தார்.

"எனக்காகவா? நான் கேட்டேனா?"

அவர் கேட்கவில்லைதான்.

"நான் காலைல எழுந்து டீ போட்டுக்கத் தெரிஞ்சவன். நீங்க ரெண்டு பேரும் போயிட்டா டி.வி. சத்தத்தை இன்னும் கொஞ்சம் கூட்டி வச்சுப்பேன். அவ்வளவுதான். உங்களுக்கு இங்க சௌகரியமா இருக்குன்னு நினைச்சேன். தரையெல்லாம் போடறீங்களேன்னு."

கதவுக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது.

"எந்தக் கடை?"

மனைவி. எப்போது வந்தாள், எதுவரை கேட்டாள் என்று தெரியவில்லை. நாலு விரல் இடுக்கில் அவளுடைய நனைந்த தோளும் பாதி முகமும் தெரிந்தன.

"வந்துட்டியா? கதவு மாட்டிக்கிச்சு, கீழ போய் உளியும்..."

"எந்தக் கடைங்க?"

அவன் கதவைப் பார்த்துக்கொண்டே சொன்னான். முதலாளி கேட்டது, யோசித்தது, மறுத்தது. எப்போது என்றாள். மாடி அறைப் பேச்சை அவள் எடுப்பதற்கு முந்தின வாரம் என்றான்.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"அப்பாவ விட்டு நீ வரமாட்டேன்னு..."

"வரமாட்டேன்னு நான் சொன்னேனா?"

"இல்ல."

"அப்ப யாரு சொன்னா?"

அவன் நெற்றியைக் கதவில் சாய்த்தான்.

"அப்பாவ நினைச்சா கஷ்டமாத்தான் இருந்திருக்கும். அழுதிருப்பேன். அழுதுட்டுக் கிளம்பியிருப்பேன். நீங்க எனக்காக நான் பேச வேண்டியதையும் நீங்களே பேசி முடிச்சிட்டீங்க." அவள் குரல் உடையவில்லை. அதுதான் அவனுக்கு இன்னும் பயமாக இருந்தது. "வேற ஏதாவது பாக்கி இருக்கா? இருந்தா இப்பவே சொல்லிடுங்க. கதவத் தொறந்துட்டா நீங்க மறுபடி வாய மூடிப்பீங்க."

மாமனார் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"இந்த ரூம் எனக்கு வேண்டாம்" என்றான் அவன். "நீ கால் வச்சு நடந்து நல்லா இருக்குன்னு சொன்னப்பவே எனக்கு மூச்சு முட்டிச்சு. இங்கயே இருந்துடுவோமோன்னு."

அவள் படியிறங்கிப் போகிற சத்தம் கேட்டது. திரும்பி வருவாளா என்றுகூட ஒரு கணம் அவனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. வந்தாள். உளியை இடுக்கு வழியாக நீட்டினாள். சுத்தியலின் தலை பெரிது, இடுக்கில் நுழையவில்லை. கதவை இழுத்துப் பிடித்தும் பயனில்லை. வேறு வழியில்லாமல் கொட்டுகிற மழையில் பின்பக்கம் போனாள். ஸ்டூல் மேல் ஏறி, சுத்தியலை ஒட்டடைக் கொம்பின் நுனியில் கட்டி மாடி ஜன்னலுக்குத் தூக்கினாள். கொம்பு வளைந்து ஆடியது.

மாமனார் கம்பிக்கு வெளியே கையை நீட்டி, "லெஃப்ட்ல வா... லெஃப்ட்... ஒடிக்காத, அப்படியே நேரா... வரலாம், வரலாம்... நிறுத்து" என்று பஸ்ஸைப் பின்னால் எடுக்கச் சொல்கிறவர் போலச் சொல்லிச் சொல்லி, கடைசியில் சுத்தியலைப் பிடித்துவிட்டார். கீழே நின்றவளுக்கு அந்த நிலைமையிலும் சிரிப்பு வந்துவிட்டது. மேலே நிமிர்ந்து பார்த்து, கணவன் முகம் தெரிந்ததும் சிரிப்பை விழுங்கிக்கொண்டாள்.

அவன் மண்டியிட்டு, தான் பார்த்துப் பார்த்துப் பொருத்திய பலகையின் நடுவில் உளியை வைத்தான். லேசில் உடையவில்லை. கெட்டி மரம். சிராய் சிராயாகப் பிளந்து வந்தது. பாதி பிளந்ததும் மாமனார் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, கையால் நெம்பி இழுத்துக் கொடுத்தார். ஒரு பலகை போனதும் தரை முழுதும் பெருமூச்சு விட்டது போல நெகிழ்ந்து இறங்கியது. கதவு திறந்தது. மாமனார் யாரையும் பார்க்காமல், பாட்டிலை மறைத்து எடுத்துக்கொண்டு விடுவிடுவென்று கீழே போனார்.

அவள் வாசற்படியில் சொட்டச் சொட்ட நின்றாள். உள்ளே வரவில்லை.

திங்கட்கிழமை அவன் முதலாளியிடம் போய்க் கேட்டான். வெளியூர்க் கடைக்கு வேறொருவர் போய்ச் சேர்ந்து, போர்டும் மாட்டியாகிவிட்டது. "நீதானப்பா வேண்டாம்னே" என்றார் முதலாளி. அதை வந்து சொன்னபோது மனைவி துணி மடிக்கப் போய்விட்டாள். ஒரு வாரம் அவளுடைய பேச்சு, சாப்பிடுங்க, விளக்கை அணைச்சிடுங்க என்ற அளவிலேயே இருந்தது. மழை விட்டதும் ஓரப் பலகைகளைப் பெயர்த்து, அறுத்து, நாலு பக்கமும் ஒரு விரல் இடம் விட்டு மறுபடி போட்டான். மாமனார் மாடிப் பக்கமே வரவில்லை.

தரை முடிந்த அன்று சாப்பிடும்போது அவள்தான் ஆரம்பித்தாள். "அப்பா, எதிர்வீட்டு டாக்டரோட அசிஸ்டெண்டுக்கு ரூம் வேணுமாம். மாடிய அவங்களுக்குக் குடுத்துடுங்க. உங்களுக்கும் பேச்சுத்துணை. நாங்க எங்க ஆஸ்பத்திரிகிட்ட ஒரு வீடு பார்த்துப் போறோம்."

"நல்லது" என்றார் மாமனார். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாயில் வைக்கவில்லை. பிறகு, "ரொம்ப தூரமில்லையே?" என்றார்.

"ஒரே பஸ்தான்பா."

அவன் அவர்கள் இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தான். சந்தோஷம் பொங்கும் என்று நினைத்திருந்தான். பொங்கவில்லை. இத்தனை வருஷம் எது நடக்கவில்லை என்றாலும் மாமனார் பேரைச் சொல்லித் தப்பித்துக்கொண்டிருந்தான். இனி அதற்கு ஆள் கிடையாது.

பார்த்த வீடுகளில் ஒன்று இரண்டாவது மாடியில் இருந்தது. இரண்டு அறை. மனைவி ஜன்னல்களைத் திறந்து பார்த்துவிட்டு, "படுக்க எந்த ரூமை வச்சுக்கலாம்?" என்று கேட்டாள்.

"உன் இஷ்டம்" என்றான்.

அவள் ஜன்னல் கதவைப் பிடித்தபடியே நின்று அவனைப் பார்த்தாள்.

"இல்ல" என்றான் அவன் அவசரமாக. "இந்த ரூம். இதுவே இருக்கட்டும்."

அது மேற்குப் பார்த்த அறை. கோடை வந்ததும் அடுப்பாகக் காய்ந்தது. ராத்திரி சுவரைத் தொட்டால் சுட்டது. ஒரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் அவள், "இதைத் தேர்ந்தெடுத்த மகராசன் யாரு?" என்றாள் விசிறிக்கொண்டே.

"நான்தான்" என்றான் அவன். எழுந்து கட்டிலின் ஒரு பக்கத்தைப் பிடித்தான். "தப்புதான். அந்தப் பக்கம் பிடி, அடுத்த ரூமுக்கு மாத்திடலாம்."